45,000 ரூபாய்க்கு ஒரு மடக்குக் கத்தி: வாங்கலாமா?



விலை உயர்ந்த மடக்குக் கத்திகளைப் பத்தி நம்ம சேனல்ல ஒரு வீடியோ போட்டிருந்தோம். பன்னிரண்டு நிமிஷத்துல கணக்கை முழுசா விரிச்சுக் காட்ட நேரம் இல்ல. அதனால இங்க நிதானமா பாப்போம்.

"பைனான்ஸ் பேசுற இடத்துல கத்திக்கு என்னய்யா வேலை?"ன்னு சிலருக்குத் தோணும். மெக்கானிக்கல் கீபோர்டு, இங்க் பேனா, ஹெட்போன், காபி மிஷின்னு வேலைக்குப் போக ஆரம்பிச்ச ரெண்டு மூணு வருஷத்துல நம்மள ஏதோ ஒண்ணு பிடிச்சுக்கும். இன்ஸ்டாவுல ஒரு ரீல் பாப்போம், யூடியூப்ல பத்து ரிவ்யூ பாப்போம். அப்புறம் ராத்திரி ஒன்றரை மணிக்குக் கார்ட்ல போட்டு வச்சுட்டுத் தூங்கிடுவோம். அந்த ஆசையைக் கேலி பண்றதுக்காக இதை எழுதல. ஆசைப்பட்ட பொருள்ல பணம் எங்க போகுதுன்னு தெரிஞ்சுக்கிட்டு முடிவு எடுக்கலாம்னுதான்.

அப்படி என்ன கத்தி அது?

இந்த உலகத்துல எல்லாரும் ஏக்கத்தோட சொல்ற ஒரு பேர் செபென்ஸா. கிறிஸ் ரீவ்ங்கிற தென்னாப்பிரிக்கக்காரர் வடிவமைச்சது. 1984-ல அங்க கத்தி செய்யற தொழிலை ஆரம்பிச்சு, 1989-ல அமெரிக்காவுல இடாஹோ மாநிலத்துல இருக்கிற பாய்ஸி நகரத்துக்குக் குடிபெயர்ந்தார். 1990-களின் தொடக்கத்திலிருந்து இந்தக் கத்தி வந்துக்கிட்டு இருக்கு. ஜூலு மொழியில 'செபென்ஸா'ன்னா வேலைன்னு அர்த்தம். வேலைன்னு பேர் வச்ச கத்தி, வாங்கினவங்க பாதிப் பேர் வீட்டுல பீரோவுக்குள்ள எந்த வேலையும் செய்யாம தூங்குது, அது வேற கதை.

அமெரிக்காவிலேயே இதோட விலை 400 டாலருக்கு மேலதான் ஆரம்பிக்குது. ஒரு டாலருக்கு 88 ரூபாய்னு வச்சா 35,200. கார்டுல வெளிநாட்டு நாணயத்துல கட்டினா பேங்க் எடுக்கிற மார்க்-அப் 3.5 சதவீதம்னா இன்னொரு 1,232, அதுக்கு மேல ஜிஎஸ்டி. அப்புறம் ஷிப்பிங், கஸ்டம்ஸ் வரி, கூரியர் கம்பெனி போடுற கையாளும் கட்டணம். வீட்டு வாசலுக்கு வரும்போது 45,000-ஐ நெருங்கிடும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த 45,000-ஐயே கணக்குக்கு வச்சுக்கலாம்.

அந்தக் காசுக்கு என்ன கிடைக்குது?

நிஜமாவே சில விஷயங்கள் கிடைக்குது. எல்லாமே பிராண்டுக்குக் கொடுக்கிற காசுன்னு சொல்றது நியாயம் இல்ல.

முதல்ல எஃகு. சாதாரணமா எஃகை உருக்கி அச்சுல ஊத்தினா, ஆறும்போது கார்பைடுன்னு சொல்ற கடினமான துகள்கள் அங்கங்க பெருசு பெருசா சேர்ந்துடும். உப்புமா கிளறும்போது ரவை கட்டி தட்டுற மாதிரி. பவுடர் முறையில, உருகின எஃகை வாயுவால பீய்ச்சித் தூளாக்கி, அந்தத் தூளை அதிக வெப்பத்துலயும் அழுத்தத்துலயும் மறுபடி ஒரே கட்டியா ஆக்குறாங்க. துகள்கள் சின்னதா, சமமா பரவியிருக்கும். கூர்மை ரொம்ப நாள் நிக்கும், முனை சுலபத்துல பொரிஞ்சு போகாது. எஸ்30வி-ங்கிற எஃகை க்ரூசிபிள் கம்பெனி உருவாக்கினப்போ கிறிஸ் ரீவோட யோசனையும் அதுல இருந்தது. இப்போ பிரபலமா இருக்கிற மேக்னாகட் 2021-ல வந்தது. லாரின் தாமஸ்ங்கிற உலோகவியலாளர் வடிவமைச்சது. கடினம், உறுதி, துருப்பிடிக்காத தன்மை மூணும் ஒண்ணா கிடைக்கிற எஃகு அபூர்வம், அதனாலதான் அதுக்கு இவ்வளவு பேர்.

ரெண்டாவது கைப்பிடி. டைட்டானியம். லேசு, துருப்பிடிக்காது, ஆனா கடையறது ரொம்பக் கஷ்டம். வெட்டுற இடத்துல உண்டாகிற சூட்டை இந்த உலோகம் சீக்கிரம் கடத்தாது, அதனால டூல் சீக்கிரம் தேஞ்சுபோகும். பிளேடைத் திறந்ததும் பூட்டிப் பிடிக்கிறதுக்குத் தனி பாகம் எதுவும் கிடையாது, கைப்பிடியோட ஒரு பக்கமே வளைஞ்சு வந்து பூட்டா நிக்கும். இந்த அமைப்பு கிறிஸ் ரீவ் கண்டுபிடிச்சது. இன்னிக்கு உலகம் முழுக்க எல்லாரும் காப்பி அடிக்கிறாங்க.

மூணாவதுதான் எனக்குப் பிடிச்சது: கீல். மலிவான மடக்குக் கத்தியில கீல் ஸ்க்ரூவை இறுக்கினா பிளேடு இறுகிடும், தளர்த்தினா ஆடும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடத்தைத் தேடிப்பிடிச்சு நிறுத்தணும். செபென்ஸாவுல கீலுக்குள்ள ஒரு புஷ் இருக்கு. அதோட உயரத்தை அவ்வளவு துல்லியமா தேய்ச்சிருப்பாங்க. ஸ்க்ரூவை முழுசா முறுக்கி இறுக்கலாம், பிளேடு ஆடவும் ஆடாது, இறுகவும் இறுகாது. இஞ்சினியரிங் படிச்சவங்களுக்கு இதைப் பாத்தா ஒரு சந்தோஷம் வரும். அந்தச் சந்தோஷத்துக்கும் சேர்த்துத்தான் விலை.

ஆனா, வெட்டுமா?

வெட்டும். எல்லாக் கத்தியும் வெட்டும். எது நல்லா வெட்டும்ங்கிறதுலதான் விஷயம் தலைகீழா போகுது.

ஒரு பொருள் எவ்வளவு சுலபமா வெட்டும்ங்கிறதை முதல்ல தீர்மானிக்கிறது எஃகு இல்ல, பிளேடோட வடிவம். ஃபிரான்ஸோட சவோய் மலைப்பகுதியில 1890-ல ஜோசஃப் ஓபினெல்ங்கிறவர் செய்ய ஆரம்பிச்ச ஓபினெல் கத்தி இருக்கு. பீச் மரக் கைப்பிடி, ஒரு பிளேடு, 1955-ல சேர்த்த ஒரு பூட்டு வளையம். அவ்வளவுதான். அதோட நம்பர் 8 மாடல் ஃபிரான்ஸ்ல 10 - 15 யூரோவுக்குக் கிடைக்குது. அதோட பிளேடு ரெண்டு மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது. செபென்ஸாவோட பிளேடு முதுகுப்பக்கம் மூணு மில்லிமீட்டரைத் தாண்டும். ஒரு ஆப்பிளை ரெண்டாலயும் வெட்டிப் பாருங்க. ஓபினெல் வழுக்கிக்கிட்டு இறங்கும். தடிமனான பிளேடு பாதி தூரம் வெட்டி, மீதியைப் பிளக்கும். முப்பது மடங்கு விலை கொடுத்தா முப்பது மடங்கு நல்லா வெட்டும்னு நினைக்கிறவங்களுக்கு இது அதிர்ச்சியா இருக்கும்.

ஓபினெல்லுக்கும் குறை இருக்கு, மறைக்க வேண்டாம். ஈரம் பட்டா மரம் ஊறிக்கும், மழைக்காலத்துல திறக்கவே கஷ்டமாயிடும். கார்பன் எஃகு மாடல் வாங்கிட்டுச் சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்ல வச்சிருந்தா துரு நிச்சயம். வாங்கினா துருப்பிடிக்காத மாடலா பாத்து வாங்குங்க.

அப்புறம் நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச சிவப்புக் கத்தி, விக்டோரினாக்ஸ். சுவிட்சர்லாந்துல இபாக்ங்கிற ஊர்ல 1884-ல கார்ல் எல்செனர் பட்டறை போட்டார். 1891-ல சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்க ஆரம்பிச்சார். அம்மா பேர் விக்டோரியா, அதோட துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கிற 'இநாக்ஸ்' சேர்ந்து விக்டோரினாக்ஸ் ஆச்சு. அதோட எஃகு ராக்வெல் அளவுல 56. கத்தி ஆர்வலர்கள் இதைக் கேட்டு மூக்கைச் சுளிப்பாங்க, ரொம்ப மென்மையாம். வாரத்துல ரெண்டு பார்சல் பிரிச்சு, ஒரு கொய்யா நறுக்குற நமக்கு அதோட அர்த்தம் என்ன? ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை சாணைக்கல்லுல அஞ்சு நிமிஷம் தேய்க்கணும். அவ்வளவுதான் வித்தியாசம்.

பார்சல் பிரிக்கிறது மட்டும்தான் உங்க வேலைன்னா அதுகூட வேண்டாம். ஸ்டேஷனரி கடையில அம்பது, அறுபது ரூபாய்க்கு விக்கிற கட்டர் போதும். முனை மழுங்கினா ஒரு துண்டை ஒடிச்சுப் போட்டா புது முனை வரும். 1956-ல ஜப்பான்ல யோஷியோ ஒகாடா கண்டுபிடிச்சது, அதுதான் பின்னாடி ஓல்ஃபா கம்பெனியா ஆச்சு. உடைஞ்ச கண்ணாடியோட கூர்மையையும், கோடு போட்டு ஒடிக்கிற சாக்லேட் கட்டியையும் பாத்து வந்த யோசனையாம். தினமும் நூத்துக்கணக்கான அட்டைப்பெட்டி பிரிக்கிற குடோன் ஆட்கள் கையில இருக்கிறது இதுதான். தொழிலுக்குக் கத்தி பிடிக்கிறவங்க செபென்ஸா வாங்கறதில்லைங்கிறதே நமக்கு ஒரு தகவல்.

"தரமா ஒண்ணு வாங்கினா காலத்துக்கும் வரும்"

இது நம்ம வீட்டுப் பெரியவங்களும் சொல்ற வாதம். டெரி பிராட்செட் 1993-ல எழுதின 'மென் அட் ஆர்ம்ஸ்' நாவல்லயும் ஒரு போலீஸ் பாத்திரம் இதைக் காலணியை வச்சுச் சொல்லும்: வசதி இருக்கிறவன் ஒரே ஒரு நல்ல பூட்ஸ் வாங்கிப் பல வருஷம் ஓட்டுவான். வசதி இல்லாதவன் மட்டமானதை மறுபடி மறுபடி வாங்கி, கடைசியில அதிகமா செலவு பண்ணிட்டு, அப்பவும் ஈரக் காலோட நிப்பான். பொருளாதாரம் பேசுறவங்க எல்லாரும் இதை எடுத்தாளுறாங்க. காலணி, மெத்தை, மிக்ஸி, பைக் டயர் விஷயத்துல நானும் முழு மனசா ஒத்துக்கிறேன்.

மடக்குக் கத்திக்கு இது பொருந்தாது. ஏன்னா இங்க மலிவானதும் காலத்துக்கும் வருது. ரெண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் விக்டோரினாக்ஸ் இருபது வருஷம் உழைக்கும், அதுக்கும் உற்பத்திக் குறைபாட்டுக்கு வாழ்நாள் உத்தரவாதம் இருக்கு. இருபது வருஷத்துக்கு வகுத்தா ஒரு வருஷத்துக்கு 125 ரூபாய். 45,000-ஐ அதே மாதிரி வகுத்தா வருஷத்துக்கு 2,250. "மாசம் 190 ரூபாய்கூட இல்லையே ப்ரோ"ன்னு சொல்லலாம். ஆனா இந்த வகுத்தல் எதை வேணும்னாலும் மலிவாக் காட்டும். இருபது வருஷத்துக்கு வகுத்தா வைர மோதிரம்கூடத் தினசரி ஒரு டீக் காசுதான்.

எதிர்ப்பக்கத்துல இன்னொரு கணக்கு இருக்கு, நம்ம துறைக்காரங்க ரொம்ப விரும்பிப் போடுறது. மிச்சமாகிற 42,500-ஐ 7 சதவீதத்துல இருபது வருஷம் விட்டா 1.64 லட்சம் ஆகும்னு. கணக்கு சரிதான். ஆனா கத்தி வாங்காத எத்தனை பேர் அந்தக் காசை எடுத்து எஃப்டி-யில போடுறாங்க? வேற எதுலயாவது கரைஞ்சிருக்கும். அதனால இந்தக் கணக்கை வச்சு நான் யாரையும் பயமுறுத்தறதில்ல.

நான் பாக்கச் சொல்றது வேற ஒண்ணு.

சம்பளத்தால வகுக்காதீங்க, மிச்சத்தால வகுங்க

கையில 42,000 சம்பளம் வாங்குற ஒருத்தரை எடுத்துக்குங்க. ரூம் வாடகை, சாப்பாடு, பஸ், போன், வீட்டுக்கு அனுப்புறது எல்லாம் சேர்த்து 30,000 போயிடுது. மிச்சம் 12,000.

"ஒரு மாசச் சம்பளத்தைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதானே"ன்னு தோணும். ஆனா அந்த 42,000 முழுசா அவரோடது இல்ல. அதுல 30,000 ஏற்கெனவே வேற பேர்ல எழுதியாச்சு. 45,000-ஐ 12,000-ஆல வகுங்க: கிட்டத்தட்ட நாலு மாசம். நாலு மாசம் ஒரு ரூபாய்கூடச் சேர்க்காம வேலை பாத்ததுக்குச் சமம் அந்தக் கத்தி.

இதை அவசர நிதியோட சேர்த்துப் பாருங்க. ஆறு மாசச் செலவுன்னா 1,80,000. மாசம் 12,000 வீதம் சேர்த்தா 15 மாசம் ஆகும். நடுவுல கத்தி வந்தா 19 மாசம். லே-ஆஃப் பேச்சு எப்ப வேணும்னாலும் வர்ற கம்பெனியில இருக்கிறவங்களுக்கு அந்த நாலு மாசம் சின்ன விஷயம் இல்ல. வேலை போனா அந்தக் கத்தியை வச்சு வாடகை கட்ட முடியாது. ஒன்றரை லட்சம் சம்பளம், மிச்சம் எண்பதாயிரம், அவசர நிதி தயார், கடன் இல்லன்னா இதே கத்தி அவங்களுக்குப் பதினேழு நாள் சேமிப்பு. அதே பொருள், அதே விலை, ஆனா ரெண்டு பேருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது.

கார்டுல போட்டுட்டுக் குறைஞ்சபட்சத் தொகையைக் கட்டலாம்னு நினைச்சா, மாசம் 3.5 சதவீத வட்டியில 45,000-க்கு முதல் மாச வட்டி மட்டும் 1,575. அதுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி தனி. நோ-காஸ்ட் இஎம்ஐ-யிலயும் பிராசஸிங் கட்டணமும், வட்டிப் பகுதிக்கு ஜிஎஸ்டியும் வரும். பேர்ல மட்டும்தான் 'நோ காஸ்ட்'. பொழுதுபோக்குப் பொருளைக் கடன்ல வாங்கக்கூடாதுங்கிறதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது.

"வித்துக்கலாமே?"

அமெரிக்காவுல செபென்ஸாவுக்கு நல்ல செகண்ட் ஹேண்ட் சந்தை இருக்கு. வாங்கினவங்க ரெண்டு வருஷம் வச்சிருந்து, பெரிய நஷ்டம் இல்லாம கைமாத்துறாங்க. அங்க இருக்கிறவங்க "இது செலவு இல்ல, பணத்தைக் கொஞ்ச நாள் வேற உருவத்துல வச்சிருக்கோம்"னு சொன்னா ஓரளவு நியாயம். அவங்க வீடியோவைப் பாத்துட்டு நாமளும் அதையே சொல்லக்கூடாது. நீங்க கொடுத்த 45,000-ல கிட்டத்தட்ட பத்தாயிரம் வரியும் ஷிப்பிங்கும். வாங்குறவர் அதைத் திருப்பித் தர மாட்டார். முதல்ல, வாங்குறவரைக் கண்டுபிடிக்கணுமே! இங்க அந்தப் பேர் தெரிஞ்சவங்களே கொஞ்சம் பேர். அதே காசுக்குச் செயின் வாங்கினா செய்கூலி, சேதாரம் போனாலும் அவசரத்துக்கு அடகு வைக்கலாம். கத்தியை எடுத்துக்கிட்டு எந்த அடகுக் கடைக்குப் போறது? அதனால இந்தியாவுல இருந்து வாங்கினா, விலை முழுசும் செலவுன்னே எழுதுங்க. மறுவிற்பனை மதிப்பு பூஜ்யம்னு வச்சு அப்பவும் மனசு ஒத்துக்குதான்னு பாருங்க.

படிக்கட்டு ஏறுறவங்க கதை

நிஜமா பணம் அதிகமா போற இடம் செபென்ஸா கூட இல்ல. முதல்ல மூவாயிரத்துக்கு ஒண்ணு. அப்புறம் சீனாவுல யாங்ஜியாங் நகரத்துல செஞ்ச, பால்-பேரிங் வச்ச, விரல் பட்டா விரியிற ஒண்ணு ஆறாயிரத்துக்கு. (சொல்லப்போனா அந்த ஊர்க் கம்பெனிகள்தான் இப்போ 50 - 80 டாலருக்குள்ள அசத்துறாங்க. பத்து வருஷத்துக்கு முன்னாடி அந்த ஃபினிஷிங் அந்த விலைக்குக் கிடைச்சிருக்காது.) அடுத்து ஒன்பதாயிரம். அடுத்து "எஃகு நல்லா இருக்கு"ன்னு பதினஞ்சாயிரம். கூட்டினா 33,000. நாலு கத்தி டிராயர்ல, இன்னும் செபென்ஸா ஆசை தீரல.

உங்களுக்கு இந்தப் பழக்கம் ஏற்கெனவே இருந்து, மிச்சக் கணக்கும் இடம் கொடுத்தா, நடுவுல உள்ள நாலையும் தாண்டிட்டு நேரா அந்த ஒண்ணுக்குப் போறது மோசமான முடிவு இல்ல. அதுக்கு ஒரு வழி: தனியா ஒரு ஆர்டி, மாசம் 1,500. முப்பது மாசத்துல வட்டியைச் சேர்க்காமலே 45,000. ரெண்டரை வருஷம் கழிச்சும் அதே கத்தி வேணும்னா வாங்கிக்குங்க, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல. நடுவுல மனசு வேற பொருளுக்குத் தாவிடுச்சுன்னா காசு அப்படியே இருக்கும். மிச்சப் பேருக்கு என் பதில் சுருக்கம்: ஒரு விக்டோரினாக்ஸ் அல்லது ஒரு ஓபினெல், சாணைக்கல் ஒண்ணு, போதும்.

வாங்குறதா முடிவு பண்ணிட்டீங்கன்னா

செபென்ஸா மாதிரியே இருக்கிற போலிகள் வெளிநாட்டுத் தளங்கள்ல ரெண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குக் கிடைக்குது. படத்துல வித்தியாசமே தெரியாது. அசல் விலையில பாதிக்கு யாராவது தர்றேன்னு சொன்னா சந்தேகப்படுங்க.

சட்டம்: ஆயுத விதிகள் 2016-ன் பட்டியல்ல வர்றது 9 அங்குலத்துக்கு மேல நீளமான, அல்லது 2 அங்குலத்துக்கு மேல அகலமான பிளேடு உள்ள கத்திகள். நாம பேசுற கத்திகள் அதுல பாதி நீளம்கூட இல்ல. பட்டனை அழுத்தினா விரியிற ரகத்தைத் தொடாதீங்க, டெல்லியில அதுக்குத் தனிக் கட்டுப்பாடே இருக்கு. விமானத்துல கேபின் பையில எந்தக் கத்தியும் போகாது, செக்-இன் லக்கேஜ்ல வைங்க. சாவிக்கொத்துல மாட்டினதை மறந்து செக்யூரிட்டில பறிகொடுக்கிறவங்க தினமும் இருக்காங்க. ரெண்டாயிரம் போனா அன்னிக்கு மட்டும்தான் வருத்தம்.

ஆன்சைட் போறவங்க இதைக் கண்டிப்பா கவனிங்க. பிரிட்டன்ல தகுந்த காரணம் இல்லாம பொது இடத்துல வச்சிருக்கலாம்னா, கத்தி மடங்கணும், வெட்டுமுனை 3 அங்குலத்தைத் தாண்டக்கூடாது, முக்கியமா பிளேடு பூட்டிக்கக்கூடாது. சின்ன செபென்ஸாவோட பிளேடு 3 அங்குலத்துக்குள்ளதான் இருக்கு, ஆனா பூட்டிக்கும். ஓபினெல் நம்பர் 8-லயும் பூட்டு வளையம் இருக்கு. ரெண்டும் அங்க பாக்கெட்டுல இருக்கக்கூடாது. அதிகபட்சத் தண்டனை நாலு வருஷச் சிறை. பூட்டில்லாத சின்ன சிவப்புக் கத்தி பிரச்சினை இல்ல.

கடைசியா சாணை. தெருவுல வர்ற சாணை பிடிக்கிறவர்கிட்ட அரிவாள்மணை கொடுங்க, தேங்காய்க் கத்தி கொடுங்க, பவுடர் எஃகுக் கத்தியைக் கொடுத்துடாதீங்க. வேகமா சுத்துற சக்கரத்துல தண்ணி இல்லாம பிடிச்சா முனை சூடாகி, நீங்க காசு கொடுத்து வாங்கின கடினம் அங்கேயே போயிடும். சாதாரணக் கல்லும் சரியா பிடிக்காது, அந்த எஃகுல இருக்கிற வனேடியம் கார்பைடு கல்லைவிடக் கடினம். டயமண்ட் தகடு வேணும். அதுக்கும் பட்ஜெட்ல இடம் விடுங்க. சர்வீஸுக்கு அனுப்பணும்னா பாய்ஸிக்குத்தான் அனுப்பணும், போய்வர்ற கூரியர் செலவு உங்களோடது.

அடுத்த வாரம் மெக்கானிக்கல் கீபோர்டு. அதுக்கு இந்த "மிச்சத்தால வகுக்கிற" கணக்கு வேற மாதிரி வரும், ஏன்னா அதை நீங்க தினமும் எட்டு மணிநேரம் தொடுறீங்க.